பெயர் எழுதிய படுக்கை

அய்யா துணை.



தாங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தவர், தன் பெயரைப் பலகையில் எழுதச் சொல்கிறார். அது தருமமா, விளம்பரமா? நிழல் தாங்கல் உள்ள ஊரிலெல்லாம் இந்தப் பேச்சு ஒரு முறையாவது வந்திருக்கும். "பெயர் போட்டால் தருமம் செத்தது" என்பார் ஒருவர். "போடாவிட்டால் அடுத்த வருஷம் யார் கொடுப்பார்?" என்பார் கணக்குப் பார்க்கிறவர். இருவர் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. இதற்குப் பதில் தேட மதுரைச் சீமையில் ஒரு மலை ஏறிப் பார்க்கலாம்.

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை. கோயிலுக்குப் போகிறவர்கள் நூபுரகங்கையில் தீர்த்தமாடித் திரும்பிவிடுவார்கள். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிப் பக்கமாக இன்னொரு வழி உண்டு. ஊரைத் தாண்டினால் முள்ளும் புதரும், பிறகு உசிலையும் கள்ளியும், அதற்கு மேல் மரம் அடர்ந்த ஒற்றையடிப் பாதை. வெயில் ஏறுமுன் புறப்படாவிட்டால் பாறைச் சூடு காலைச் சுடும். மூச்சு வாங்க ஏறினால், பெரும் பாறை ஒன்று முன்னே நீண்டு தாழ்வாரம் போல் நிழல் தருகிறது. அதன் கீழே கல்லில் வெட்டிய படுக்கைகள். தலை வைக்கும் இடத்தைத் திண்டு போலச் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரார் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். படுத்தவர்கள் பாண்டவர் அல்ல, சமணத் துறவியர்.

அவர்கள் ஓரிடத்தில் தங்காதவர்கள். மழைக்காலத்தில் மட்டும், மண்ணில் புதிதாய்ப் பிறக்கும் புழு பூச்சிகள் காலில் மிதிபட்டுவிடுமே என்று நடப்பதை நிறுத்தி இப்படி ஒரு குகையில் ஒதுங்குவார்கள். அதனால்தான் இத்தகைய குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். மதுரையைச் சுற்றி ஆனைமலை, கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று இப்படி எத்தனையோ குன்றுகள். இன்று எந்தக் குகையிலும் தவம் செய்ய ஆள் இல்லை. தவப்பள்ளி பாழாகி, வௌவாலும் குரங்கும் குடியிருக்கின்றன.

ஆனால் எழுத்து நிற்கிறது. அழகர்மலைக் கல்லில் 2,000 ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்துகள் உள்ளன. அந்த எழுத்தைத் தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். வியகன் என்ற மதுரை உப்பு வணிகன். ஒரு பொற்கொல்லன். துணி விற்றவன், வெல்லப்பாகு விற்றவன், ஏர்க் கொழு விற்றவன். ஊர், தொழில், பெயர் இவ்வளவுதான். மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி இருக்கிறது. அங்கே அரசன் பெயர் முன்னால் நிற்கிறது. இங்கேயோ சந்தையில் மூட்டை சுமந்தவர்களின் பெயர்.

இவர்கள் பெயரைச் செதுக்காமல் போயிருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்? தவசிகளைக் காத்ததெல்லாம் ராஜாக்கள் என்றுதானே. உப்பு விற்றுச் சேர்த்த காசும் இந்தப் பாறைக்கு வந்தது என்பதற்கு, அந்தப் பெயர் ஒன்றே சாட்சி.

இதை நம் பிள்ளைகள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அய்யா வாழ்ந்த காலத்தில் தென்திருவிதாங்கூரில் நம் முன்னோர் பெயர் எங்கே எழுதப்பட்டது? வரி ஏட்டில். தலைக்கு இவ்வளவு, பனைக்கு இவ்வளவு என்று பிடுங்குவதற்காக எழுதினார்கள். தலைப்பாகை கட்டக் கூடாதென்று தடுக்கப்பட்டவனின் பெயர், அவன் கொடுத்ததற்காக ஒரு கல்லில் ஏறியதில்லை. ஆகவே பெயர் எழுதுவதே பாவம் என்று ஒரே அடியாய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாழ்ந்தவன் என்று தள்ளப்பட்டவன் "நானும் கொடுத்தேன்" என்று எழுதினால், அதில் ஆணவத்தைவிட மானம்தான் அதிகம்.

அப்படியானால் குற்றம் எங்கே வருகிறது? படுக்கையையே பாருங்கள். அதில் படுத்தவன் வியகனுக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை. கண்ணை மூடினால் கல் ஒன்றுதான். மழை விட்டதும் எழுந்து போய்விடுவான். ஓரிரு துறவியர் பெயரும் அந்தப் பாறையில் உண்டு என்றாலும், தலைமுறை தலைமுறையாகப் படுத்தவர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் போனவர்கள். யாருடைய படுக்கை என்று கேட்டு யாரும் அவர்களை எழுப்பியதாகத் தெரியவில்லை. கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கலாம். வாங்குகிறவன் கழுத்தில் தொங்கக் கூடாது. அன்னம் வாங்குகிறவனோடு நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களே, அது இரண்டாவது வகை. வாங்கியவன் முகத்தில் தன் பெயரை எழுதுவது அது. காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்ற அய்யாவின் முன்னால் அதை எப்படித் தருமம் என்று சொல்வது?

அய்யா மலைக்குப் போகவில்லை. பூவண்டன்தோப்பில் மக்கள் நடுவே ஆறு ஆண்டு தவமிருந்தார். குமரிக்கு அருகே வாகைப்பதியில் துவையல் தவசு செய்தவர்களும் 700 குடும்பத்தார். வீடு வாசல் உள்ளவர்கள். தவசியும் அவர்களே, தவசியைத் தாங்கியவர்களும் அவர்களே. அந்தப் பந்தியில் கொடுப்பவன் ஒரு பக்கம், கொள்பவன் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது. உண்பான் தருமத்தில் நாம் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றை உண்பதும் அதே வழிதான். இது யார் வீட்டு அரிசி என்று எவரும் கேட்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இது. தாங்கலில் கணக்கேடு இருக்கட்டும். அதில் பத்து மூட்டைக்காரர் பெயரும், படி அரிசி கொண்டுவந்த தாயார் பெயரும் ஊரோடும் தொழிலோடும் ஒரே எழுத்தில் ஏறட்டும். பட்டம் எதுவும் வேண்டாம், வியகனுக்கும் பட்டமில்லை. சுவரில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அங்கேயும் அதே அளவு எழுத்து. இதற்குச் சம்மதிக்காதவர் அரிசியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர் வீட்டிலேயே சமைத்து, தெருவில் போகிறவருக்குப் போடட்டும். அதுவும் பசியாற்றும்.

மலையில் மூன்றாவது வகைப் பெயரும் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இத்தகைய குகைகளில் பெயின்டாலும் ஆணியாலும் எழுதிவிட்டுப் போகும் பெயர்கள். ஒன்றும் கொடுக்காதவன் பெயர், கொடுத்தவன் பெயரை மறைக்கிறது. சித்திரையில் அழகர் வைகைக்கு இறங்கும் வழியெல்லாம் மண்டகப்படிக்காரர் பெயர்கள் நிற்கின்றன; அங்கே அடியில் பானகமாவது இருக்கிறது.

கிடாரிப்பட்டி வழியாக ஏறுகிறவர்கள் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். ஊராரிடம் வழி கேட்டுக்கொள்ளுங்கள், தனியே போக வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்க்கக் கூடாது; கல் தேய்ந்துபோகும். காலை வெயில் சாய்வாக விழும்போது கொஞ்ச நேரம் பொறுத்து நின்றால், உப்பு வணிகனின் எழுத்து தானே புலப்படும்.

அய்யா உண்டு.