புது டைல்ஸுக்கு எவ்வளவு?

மதுரையில் வீட்டுக்கு விலை பேசும்போது பேச்சு இரண்டாகப் பிரியும். இடத்துக்குச் சென்ட் கணக்கு, கட்டிடத்துக்குச் சதுர அடிக் கணக்கு. இடத்தின் விலையில் பெரிய தகராறு வருவதில்லை. பக்கத்துத் தெருவில் போன மாதம் கிரயமான மனை சென்ட் என்ன விலைக்குப் போனது என்று தரகருக்கும் தெரியும், முக்குக் கடைக்காரருக்கும் தெரியும். கட்டிடத்துக்கு வரும்போதுதான் குரல் உயரும். "போன வருஷம்தாங்க தரை பூராம் டைல்ஸ் மாத்துனோம், கிச்சன் மாடுலர் பண்ணிருக்கோம், முன்னாடி எலிவேஷனுக்கு மட்டுமே ஒன்றரை லட்சம்" என்று விற்பவர் அடுக்குவார். பார்க்க வந்தவர், இது இருபது வருஷத்து வீடு என்று மனதுக்குள் கழித்துக்கொண்டே வருவார்.

இந்தப் பேரத்தில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விற்பவர் விலை சொல்கிறார், கட்டுப்படியானால் வாங்குகிறார்கள், இல்லையென்றால் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஆயுளில் ஒரு முறைதான் வீடு வாங்குகிறது. நகையை விற்று, வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து, இருபது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறது. விற்பவரோ அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்தவர். இருவருக்கும் தெரிந்தவற்றுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, செய்த மேம்பாடுகளுக்கு என்ன விலை கேட்கலாம், கேட்கும்போது எதைச் சொல்லியாக வேண்டும் என்ற கேள்வி வெறும் வியாபாரக் கேள்வியாக இருக்க முடியாது.

முதலில் செலவு. போட்ட பணம் முழுவதும் விலையில் திரும்பி வர வேண்டும் என்பது பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு. இதில் ஆசை இருக்கிறது, உரிமை இல்லை. வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் நிலத்தைத் தனியாகவும் கட்டிடத்தைத் தனியாகவும் கணக்கிட்டு, கட்டிடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். ஃபால்ஸ் சீலிங்கில் நீல விளக்கு எரிவதற்கு அவருடைய படிவத்தில் பெரிய இடம் கிடையாது. வாங்குகிற குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. போர்வெல்லில் தண்ணீர் வருமா, அது உப்பா நல்ல தண்ணீரா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, மொட்டை மாடி ஒழுகுமா, வயரிங் எத்தனை வருஷத்தது என்பவைதான் அதன் கவலைகள். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டில் மேடை போட்டவர் தம் ரசனைக்காகப் போட்டார், அதன் மேல் பத்து வருஷம் சமைத்தும் விட்டார். அனுபவித்த சுகத்துக்கு அடுத்தவர் பணம் தர வேண்டும் என்று கேட்பது, மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் செலவை அடுத்த முகூர்த்தக்காரரிடம் கேட்பதைப் போன்றது. ஆனாலும் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. அதிக விலை சொல்வது தவறாகாது. எதிரே இருப்பவருக்கு மறுக்கும் வாய்ப்பு முழுதாக இருக்கிறது.

உழைப்புக்கு மதிப்பு இல்லையா என்ற எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டைச் சதுர அடிக் கணக்கில் சுருக்கினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அதே விற்பவர் கையில், அவர் உழைக்காத பணமும் சேர்ந்து வருகிறது. 1999இல் மாட்டுத்தாவணியில் பேருந்து நிலையம் வந்தபின் அதைச் சுற்றியிருந்த மனைகளின் விலை ஏறியதற்கு எந்த வீட்டுக்காரரும் ஒரு செங்கல் வைக்கவில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நட்டார்கள். கட்டிடம் எழப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது, மனை விளம்பரங்களோ அடிக்கல் அன்றே எய்ம்ஸ் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டன. ஊரார் வரியில் உண்டான இந்த ஏற்றம் நிலக்காரருக்கு மட்டும் போவது நியாயமா என்று அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் 1879இலேயே தம் நூலில் கேட்டார். விடை எதுவானாலும், விற்பவர் தம் மனதுக்குள் நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் விலையை ஏற்றியது நிலம். கட்டிடம் தேய்ந்துதான் வந்திருக்கிறது. அந்த ஏற்றத்தை எல்லாம் தாம் போட்ட டைல்ஸின் கணக்கில் எழுதுவது தம்மையே ஏமாற்றிக்கொள்வது.

தம்மை ஏமாற்றுவது அவரோடு போகும். வாங்குபவரை ஏமாற்றும் மேம்பாடுகள் வேறு வகை.

மதுரையில் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம் கொட்டுகிறது. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வீடு பார்க்க வருபவருக்கு எல்லாச் சுவரும் காய்ந்த சுவர்தான். ஓதம் ஏறிய சுவரை அந்த வெயில் மாதங்களில் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் எமல்ஷன் அடித்துவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இன்னும் கெட்டிக்காரர்கள் தரையிலிருந்து நாலடிக்குப் பிவிசி பேனல் அடித்து, அதை அலங்காரம் என்று காட்டுவார்கள். கார்த்திகை பிறந்ததும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தொட்டால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். அப்போது பத்திரம் வாங்கியவர் பெயரில் இருக்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் அஸ்திவாரம் அசைந்து விழும் விரிசலையும் இப்படித்தான் சிமெண்டும் பட்டியும் வைத்து மூடுகிறார்கள். போர்வெல் வற்றிய வீட்டில் முதல் நாள் இரவே லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டு, மறுநாள் குழாயைத் திறந்து காட்டுவதும் உண்டு.

செல்லூரின் உதாரணம் இன்னும் நுட்பமானது. 2024 அக்டோபர் இறுதியில் பெய்த கனமழையில் பந்தல்குடி வாய்க்கால் வழிந்து செல்லூர்ப் பகுதித் தெருக்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. அப்படித் தண்ணீர் புகுந்த வீடு ஒன்றின் சொந்தக்காரர் அதன்பின் ஒன்றரை அடி மண்ணடித்துத் தளத்தை உயர்த்தி, புது டைல்ஸ் பதித்தார் என்று வைத்துக்கொள்வோம். இது உண்மையான மேம்பாடு. வாங்குபவருக்கும் பயன்படும், இதற்கு விலை கேட்பது முழு நியாயம். "மழையில தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துச்சு, அதனாலதான் உயர்த்துனோம்" என்று சொல்லிக் கேட்டால் அவர் விற்பது பாதுகாப்பை. "இப்பத்தான் புதுசா டைல்ஸ் போட்டோம்" என்று மட்டும் சொல்லிக் கேட்டால், அதே தரையைக் காட்டி அவர் விற்பது பொய்யை. மண்ணும் டைல்ஸும் கொத்தனார் கூலியும் இரண்டிலும் ஒன்றே. ஏன் செய்தோம் என்பதைச் சொன்னாரா, விழுங்கினாரா என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

வீட்டில் செய்யும் பெரிய வேலைகளில் பல, ஏதோ ஒரு குறையைத் தொட்டே பிறக்கின்றன. ஒழுகியதால் கூல் டைல்ஸ், கரையான் அரித்ததால் புதுக் கதவு நிலை, கழிவுநீர் எதிர்த்து வந்ததால் புதுக் குழாய். குறை தீர்ந்திருந்தால் அதைச் சொல்வதில் நட்டமில்லை. தீராமல் மறைந்து மட்டும் இருந்தால், சொல்லாமல் வாங்கும் பணத்துக்கு நியாயமில்லை.

இந்தச் சிக்கல் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ரோமாபுரிச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்பவரை எடுத்துக்கொண்டு வாதம் நடத்துகிறார். அறைகளில் பாம்பு புழங்குகிறது, மரம் உளுத்திருக்கிறது, இது சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்கலாமா? சொல்லாதது வேறு, பொய் சொல்வது வேறு, வாங்கு என்று அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது டயோஜெனீஸ் என்ற தத்துவவாதியின் கட்சி. வழி தெரியாதவனைத் தவறான பாதையில் போக விடுவதற்கு இது சமம் என்பது ஆன்ட்டிபேட்டர் என்ற இன்னொரு தத்துவவாதியின் கட்சி. சிசரோ ஆன்ட்டிபேட்டர் பக்கமே தீர்ப்பளித்தார்.

நம் நாட்டுச் சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதை மோசடிக்கு இணையாகவே வைக்கிறது. "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்ற பதிலுக்கு இங்கே ஓர் எல்லை விழுகிறது. தெருவில் நின்றாலே தெரியும் தெருக்குத்தையும் பக்கத்துப் பட்டறைச் சத்தத்தையும் விற்பவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேனலுக்குப் பின்னால் இருக்கும் ஓதத்தைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய குறையைத் தாமே மூடியவர், நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்கும் தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார்.

சுவரில் இல்லாத குறைகளும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டிடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாசி வீதிப் பக்கத்தில் அனுமதியில்லாமல் எழுப்பிய கூடுதல் மாடியை "வாடகை வர்ற மாடி" என்று சொல்லி விலையில் சேர்ப்பவர், சொத்தோடு ஒரு வழக்கையும் கட்டிக் கொடுக்கிறார். புறநகரில் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தபோது, கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் தவித்தவர்களுக்கு இந்தப் பாடம் புரிந்தது. ஒத்திக்கு ஆள் இருக்கும் வீட்டை, ஒத்திப் பணத்தைப் பற்றி வாய் திறக்காமல் கிரயம் பேசுவதும் இதே ரகம்.

இதுவரை எல்லா அறமும் விற்பவர் தலையிலேயே விழுந்தது. இது ஒருபக்க நியாயம் என்று வாங்க வந்தவர் மகிழ வேண்டாம். அதே 55ஆம் பிரிவு அவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. விற்பவரின் உரிமையின் மதிப்பைக் கூட்டக்கூடிய ஒரு செய்தி தமக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாது என்று நம்ப இடமிருந்தால், வாங்குபவர் அதைச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் படிக்கத் தெரிந்தவர், முழு உரிமையும் உடைய, தனியாக இருக்கும் மூதாட்டியிடம் "உங்களுக்கு இதுல பாதிப் பங்குதாம்மா" என்று சொல்லி விலையைக் குறைப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. பொண்ணு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து அவசரத்துக்கு விற்பவரிடம், அட்வான்ஸைக் கொடுத்துக் கட்டிப்போட்டுவிட்டுக் கிரய நாளன்று ரெண்டு லட்சத்தைக் குறை என்பதைச் சட்டம் பிடிக்காமல் போகலாம். அறம் பிடிக்கும்.

இரண்டு பேரும் கைகோத்துச் செய்யும் தவறும் ஒன்று இருக்கிறது. பேசிய விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை வேறொன்று. தமிழ்நாட்டில் 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். முத்திரைத் தீர்வையும் சேர்த்து 9 சதவீதம். 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டை, வழிகாட்டி மதிப்பு இடம் கொடுக்கிறது என்று 40 லட்சத்துக்கு எழுதினால் வாங்குபவருக்கு இன்று 1,80,000 ரூபாய் மிச்சம். பின்னொரு நாள் அவர் விற்கும்போது, எழுதாமல் விட்ட அந்த 20 லட்சமும் ஆதாயமாக நிற்கும். 12.5 சதவீதத்தில் வரி மட்டும் 2,50,000 ரூபாய். அதைத் தவிர்க்க அவரும் அடுத்தவரிடம் இரண்டு விலை பேசுவார். மேம்பாட்டுச் செலவுக்கும் இதே கதிதான். ரசீது வைத்திருப்பவர் அதை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி வேண்டாம், பில் வேண்டாம் என்று கடையில் வாங்கியவர், தாம் நேர்மையாகச் செய்த செலவைக்கூட நிரூபிக்க வழியில்லாமல் நிற்பார்.

தரகருக்கும் இதில் பங்கு உண்டு. இரு தரப்பிலும் கமிஷன் வாங்குகிறவர், இரு தரப்புக்கும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர். "ஓதமா? இல்லையே, சுவரைத் தட்டிப் பாருங்க" என்று தெரிந்தே சொல்லும் தரகர் அந்த மறைப்பில் கூட்டாளி.

குறையைச் சொன்னால் விலை விழும், ஊரில் எல்லோரும் மறைக்கும்போது ஒருவர் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும் என்பதுதான் கடைசியாக எஞ்சும் வாதம். விலை விழும் என்பது உண்மை. ஆனால் விழுகிற அந்தத் தொகை விற்பவருக்குச் சொந்தமான பணமே அல்ல. அடுத்த மழையில் சுவரைச் சரிசெய்ய வாங்குபவர் கையிலிருந்து போகப்போகிற பணம் அது. அதை முன்கூட்டியே தம் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாமல் போவதை நட்டம் என்று எழுதக் கூடாது. தாமே ஏமாந்து வாங்கிய வீடாக இருந்தாலும் தீர்ப்பு மாறாது. முன்பு விற்றவர் செய்த தவறுக்கு இப்போது வாங்குபவர் ஈடுகட்ட வேண்டியதில்லை.

ஆக, வீட்டுக்கு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாம். டைல்ஸுக்கும் எலிவேஷனுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் வேண்டியதைக் கேட்கலாம், பேசிக் குறைக்கலாம். வீட்டைப் பற்றிய உண்மையைப் பேசிக் குறைக்க முடியாது. விற்பவர்கள் தாம் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வருஷம் செய்தது, எதற்காகச் செய்தது என்று குறித்து, ரசீது நகலோடு அக்ரிமென்ட் போடும்போதே கொடுத்துவிடட்டும். வாங்குபவர்கள் விலை கேட்பதற்கு முன் அந்தத் தாளைக் கேட்கட்டும். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு முறை போய் வீட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.