தேயிலை நிலத்தில் ஒரு பாகப்பிரிவினை

கோத்தகிரிச் சரிவிலே இரண்டு ஏக்கர் தேயிலை நிலம். உடையவர் மறைந்துவிட்டார், மனைவியும், இரு ஆண்மக்களும், மேட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகளும் வாரிசுகள் என்று கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக, எட்டில் ஒன்று மனைவிக்கு. எஞ்சியதில் ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. நாற்பது பாகமாக்கினால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. சென்ட் அளவில் 25, 70, 70, 35. கணக்கு முடிந்தது, வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மலையில் சென்ட்டும் சென்ட்டும் சமமல்ல. மேலே பாறை, கீழே ஓடைச் சேறு, பாதை ஒன்றே. நம் இமாம்கள் இதனை அறியாதவர்களல்லர். மதிப்பைச் சமன்செய்து பிரிக்கும் 'தஃதீல்' முறையை ஷாஃபிஈ நூல்கள் தனிவகையாகவே வைத்துள்ளன. (கூடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளைச் சகோதரர்கள் அந்த மத்ஹபினர், இராவுத்தர்கள் ஹனஃபீக்கள். இம்மாவட்டத்தில் இரண்டையும் பார்ப்பதே முறை.)

ஹனஃபீ நூல்களில் நம்மை நெடுநாள் உறுத்திய சட்டம் ஒன்றுண்டு. பிரித்தால் பெரும்பங்காளிக்குப் பயன், சிறுபங்காளிக்குத் தன் துண்டால் பயனில்லை என்ற நிலையில், முன்னவர் கேட்டால் காழி பிரித்துக் கொடுப்பார். பின்னவர் கேட்டால் மறுப்பார். மாற்றுக் கருத்துகள் இருப்பினும் ஹிதாயா ஏற்பது இதையே. பாடம் நடத்துகையில் மாணவர் முகம் சுளிப்பர். வலியவனுக்கொரு நீதியா என்பர். நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. நியாயமாகப் பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணமாக்க, பாதியேனும் பங்குடையோர் கேட்க வேண்டும் என்கிறது 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம். நம் தாயும் மகளும் கூடினாலும் 12 பாகமே!

ஆனால் காழி மறுப்பதன் காரணத்தைக் கவனிக்க வேண்டும். தன்னையே கெடுத்துக்கொள்ளும் கோரிக்கைக்கு நீதி துணைபோகாது என்பதே அது. மறுக்கப்படுவது கூறு போடுதல், உரிமையன்று. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. "துண்டாக்கினால் தோட்டம் அழியும், தங்கச்சி" என்கிறார் அண்ணன். உண்மைதான். அந்த உண்மையையே போர்வையாக்கி, கொழுந்துப் பணத்தையும் இருபது ஆண்டுகள் அவரே உண்கிறார். பெருநாளைக்கு ஒரு சேலை போகிறது; பங்கு போவதில்லை. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விட்டுவைத்த விவசாய நிலத்தைச் சென்னை மாகாணம் 1949-இல் திருத்தி உட்படுத்தியது. சட்டத்தில் குறையில்லை.

பிரிக்க இயலாத பொருளை முறைவைத்து அனுபவிக்கும் 'முஹாயஆ' என்றொரு வழியுண்டு. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டகை ஒருநாளும் ஊரார் ஒருநாளும் நீர் அருந்திய வரலாற்றை அதற்குச் சான்றாக்குவர். "இவ்வாண்டு எனக்கு, அடுத்த ஆண்டு உனக்கு" எனத் தேயிலைக்கும் வைக்கலாமே எனத் தோன்றும். ஹனஃபீ சட்டவல்லுநர்கள் மரத்தின் கனிக்கு இதனை ஏற்கவில்லை. குடியிருப்பது போன்ற பயன் கையில் நில்லாது, ஆதலின் முறை வேண்டும். கனியோ கையில் நிற்கும் பொருள், அதனையே பங்கிடலாம் என்றனர். கவாத்து வெட்டிய ஆண்டு யார் முறைக்கு வருகிறதோ அவர் வெறுங்கையுடன் நிற்பார் என்பதை நினைத்தால், தேயிலையே காணாத அப்பெரியோரின் நுட்பம் வியப்பூட்டுகிறது. கொழுந்தும் கனியைப் போன்றதே. நிலத்தைக் கூறுபோட வேண்டியதில்லை. உரமும் கூலியும் கழித்து, ஒவ்வொரு பட்டுவாடாவிலும் நாற்பதுக்கு ஏழு மேட்டுப்பாளையம் போகட்டும்.

கழிந்த ஆண்டுகளுக்கு என்ன கணக்கு என்று சில அண்ணன்மார் நம்மிடம் கேட்கின்றனர். தொழிற்சாலை தந்த எடைச்சீட்டுகள் அவர்கள் பெட்டியிலேயே இருக்கின்றன.