காட்டுவதும் கற்பிப்பதும்

சேற்றில் புரண்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவருகிறான் பையன். அம்மா முகம் சுளிப்பதில்லை. சட்டையைக் கழற்றி வாங்கிச் சிரித்தபடியே வாளியில் முக்குகிறாள். கறை எப்படிப் போகிறது என்பதை விளக்க மட்டும் ஓர் ஆண்குரல் வருகிறது. அரை நிமிடத்துக்குள் மூன்று பாடங்கள் முடிந்துவிடுகின்றன: அழுக்காக்குவது பையனின் உரிமை, வெளுப்பது அம்மாவின் கடமை, விவரம் தெரிந்தவர் ஆண். சலவைத்தூளை விற்க இந்த மூன்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

இதைக் குறை சொன்னால், "ஊரில் இருப்பதைத்தானே காட்டுகிறோம்?" என்று விளம்பரத் துறையினர் கேட்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்களோ 97 நிமிடம். துவைக்கும் அம்மா கற்பனைப் பாத்திரம் இல்லைதான்.

ஆனால் அந்த 299 நிமிடத்தில் இடுப்புவலி உண்டு, சலிப்பு உண்டு, பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரமும் உண்டு. விளம்பரம் அவற்றையெல்லாம் வெட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. பளிங்குத் தரையும் கசங்காத பருத்திப் புடவையுமாக வீட்டை விருப்பம்போல் அலங்கரித்துக் காட்டுபவர்களுக்கு, யார் துவைப்பது என்ற ஒன்றில் மட்டும் யதார்த்தத்தின் மேல் அத்தனை பற்று ஏன்? வேண்டியதைப் பொறுக்கி அழகாக்கிக் காட்டும்போதே, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது.

இந்தப் பாடம் கதையில் மட்டும் இருப்பதில்லை. விரல் நுனி வரை இறங்குகிறது. அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், 1979இல் நூலாக வந்த தம் ஆய்வில் கைகளைக் கவனித்தார். விளம்பரப் பெண் பொருளை இறுகப் பற்றுவதில்லை. மெல்ல வருடுகிறாள், ஏந்திக் காட்டுகிறாள். பற்றுவதும் இயக்குவதும் ஆணின் கை. நம் ஊர் நகைக்கடைப் பதாகைகளிலும், கன்னத்தருகே பட்டும் படாமலும் நிற்கும் அந்த விரல்களைப் பார்க்கலாம்.

இதைவிடக் கொடியது, மனதில் ஒரு குறையை விதைத்துவிட்டு அதற்கு மருந்து விற்பது. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகு க்ரீமின் விளம்பரங்கள், வேலையோ நல்ல வரனோ அமையாததற்குக் கறுப்பு நிறமே காரணம் என்பதுபோல் பல ஆண்டுகள் கதை சொல்லின. 2005இல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்து அதே தாழ்வு மனப்பான்மையை ஆண்களுக்கும் விற்றது. கறுத்த நிறத்தைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் நெறிமுறை வகுத்தது 2014இல்தான். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயரை மாற்றிவிடலாம்; ஒரு தலைமுறைப் பெண்கள் கண்ணாடி முன் பட்ட கூச்சத்தை யார் ஈடுகட்டுவது?

ஆண்களும் இதில் தப்பவில்லை. மகளின் கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் கவலையைத் தனியாகச் சுமக்கும் அப்பா, பால் காய்ச்சத் தெரியாத கணவன், வாகனத்தில் பாய்ந்தால்தான் வீரன் என்ற இளைஞன் என்று அவர்களுக்கும் அச்சுகள் தயார். பிரிட்டனில் 2019இல் பாலின வார்ப்புகளுக்கு எதிரான விதி நடைமுறைக்கு வந்ததும் முதலில் தடைசெய்யப்பட்ட இரண்டு விளம்பரங்களில் ஒன்று, தின்பண்டத்தில் மயங்கிக் குழந்தைகளைக் கோட்டைவிடும் அப்பாக்களைக் காட்டிய பாலாடைக்கட்டி விளம்பரம்.

அப்படியானால் விளம்பரம் எல்லாம் நீதிபோதனையாக வேண்டுமா? வேண்டாம். சமைக்கும் அம்மாவைக் காட்டுவதே குற்றம் என்பது வறட்டுவாதம். பிரிட்டன் விதியும் கடைக்குப் போகும் பெண்ணையோ வீட்டைப் பழுதுபார்க்கும் ஆணையோ தடுக்கவில்லை. அந்த வேலை அவருக்கே விதிக்கப்பட்டது, மற்றவருக்கு அது வராது, அல்லது வந்தால் கேலிக்குரியது என்று சொல்லும்போதுதான் எல்லை மீறப்படுகிறது. 1990களில் கிரிக்கெட் வீரன் சிக்ஸர் அடிக்க, பெண் மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடிவந்த கேட்பரி விளம்பரம், 2021இல் இடம் மாறி வந்தது; அடித்தவள் பெண், ஆடியவன் ஆண். அதே சாக்லெட், அதே குதூகலம். யாருக்கும் யாரும் உபதேசம் செய்யவில்லை.

ஒரு பொருளைப் புகழ்ந்து பேச வியாபாரிக்கு உரிமை உண்டு. பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கலாம். ஆனால் பொருளோடு ஒட்டிவரும் பாடத்தை வேண்டாம் என்று ஒதுக்கும் வயது, தொலைக்காட்சி முன் சோறுண்ணும் குழந்தைக்கு இல்லை. கேளாமலே கற்பிப்பவர் அதற்குப் பொறுப்பும் ஏற்றாக வேண்டும்.

பொறுப்பு பார்ப்பவருக்கும் உண்டு. பாலின வார்ப்புகள் குறித்து 2022இல் நெறிமுறை வெளியிட்ட விளம்பரத் தரக் கவுன்சில் துறையினரே நடத்தும் அமைப்பு. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் நுகர்வோர் எவரும் அதனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விளம்பரத்தைத் திட்டிக்கொண்டே மாதாமாதம் அதே பொருளை மளிகைப் பட்டியலில் எழுதுகிறவர்கள், பழி முழுவதையும் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.