பாளையத்தின் சுத்தம்



மோயீசன் வழியாகச் சர்வேசுரன் இஸ்ராயேல் சனங்களுக்குக் கொடுத்த கட்டளைகளில் ஒன்று உபாகமம் 23-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரசங்கங்களில் அதை நீங்கள் அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். பாளையத்துக்கு வெளியே ஓரிடம் குறிக்கவேண்டும். ஆயுதத்தோடு மண் தோண்ட ஒரு கோலும் ஒவ்வொருவனும் வைத்திருக்கவேண்டும். மலம் கழித்தபின் மண்ணிட்டு மூடவேண்டும். ஏனெனில் ஆண்டவர் பாளையத்தின் நடுவே உலாவுகிறார். இவ்வளவு தாழ்ந்த காரியத்திலும் ஆண்டவர் அக்கறை வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

நாமும் மூடத்தான் செய்கிறோம். கொல்லையில் செப்டிக் டேங்க் கட்டி, மேலே பலகைக்கல் போட்டு, அதை மறந்துவிடுகிறோம். கண்ணுக்கு மறைந்ததெல்லாம் ஒழிந்துபோயிற்று என்று எண்ணுகிறோம். அப்படியல்ல. அந்தத் தொட்டிக்குள் காற்றில்லை. காற்றில்லாத இடத்தில் கசடு அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிக் குழாய் வழியே வானத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் இது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வலியது. கசட்டை ஏரியிலோ ஓடையிலோ கொட்டினால் அங்கேயும் அழுகல் நடக்கும். அதிலுள்ள நைட்ரஜனிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வாயுவும் பிறக்கும். அதன் வலிமை ஏறக்குறைய 270 மடங்கு.

"எங்கள் ஒரு வீட்டுத் தொட்டியாலா உலகம் கெட்டுப்போகும்?" என்று கேட்பீர்கள். அற்பப் பாவத்தைக் குறித்தும் மனிதர் இப்படித்தான் கேட்கிறார்கள். ஒரு வீட்டின் வாயு கொஞ்சந்தான். ஆனால் நம் ஊர்களில் எத்தனை வீடுகளுக்கு இதே தொட்டி! வெயில் ஏறும்போது முதலில் வாடுகிறவர்கள் வயலில் நிற்கும் கூலியாட்களும், ஓட்டு வீட்டில் கிடக்கும் முதியோரும் அல்லவா? பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் வெளியிட்ட "லவுதாத்தோ சி" என்னும் நிருபத்தில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கவேண்டுமென்று போதித்தார்.

அடக்கி ஆளப்பட்டால் இதே வாயு ஊழியமும் செய்யும். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் முதலிய சுத்திகரிப்பு நிலையங்களில், கசட்டை மூடிய கலங்களில் செரிக்கவைத்து, எழும் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாக்கடை வசதியில்லாத சிற்றூர்களுக்காக, 2017-ல் கருங்குழியில் வீட்டுத் தொட்டிக் கசட்டைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. ஆனால் கசடு அங்கே போய்ச் சேர்ந்தால்தானே பயன்? அது நம் கையில் இருக்கிறது.

ஆகையால் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். முதலாவது, தொட்டி நிரம்பி வழியும்வரை காத்திராமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை கசட்டை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, லாரிக்காரரிடம், "எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். உரிமம் பெற்ற வண்டியையே அழையுங்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சமென்று, இருட்டில் ஏரிக்கரையில் ஊற்றுகிறவனுக்கு வேலை கொடுத்தால் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. மூன்றாவது, எந்த மனிதனையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளிருக்கும் விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். 2013-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஒரு தகப்பனைத் திருப்பித் தர முடியுமா? பெரிய வியாழனன்று சீஷர்களின் பாதங்களைக் கழுவிய நம் ஆண்டவர், நம் அழுக்கைச் சுமக்கிறவனைத் தம் சகோதரனாகவே பார்க்கிறார்.

இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும், ஒரு நிமிஷம் கொல்லைப்புறம் போய் நில்லுங்கள். கடைசியாகத் தொட்டியைத் திறந்தது எந்த ஆண்டு? அந்தக் கசடு எங்கே போயிற்று? பதில் தெரியாவிட்டால் அங்கேயே உங்கள் ஆத்தும சோதனையைத் தொடங்குங்கள். பாளையத்தின் நடுவே உலாவுகிற ஆண்டவர் நம் கொல்லைப்புறத்தையும் பார்க்கிறார். அவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.