வெளியே பார்க்கும் யானை

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அண்ணி பரணிலிருந்து நான்கு பிஸ்கட் டின்களை இறக்கிக் கூடத்தில் வைத்தார். ஐந்தாவது டின் முந்தின வாரமே பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மூடியைத் திறந்து இரண்டு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரயிலும் பஸ்ஸுந்தான் பாப்பா. திருத்தணியிலேயே பொறந்து வளர்ந்த மனுஷன், ஒரு சாமி படங்கூட எடுக்கலையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்ற கவலை அந்தக் குரலில் இருந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. காலையில் இங்கே பாசஞ்சர் ஏறி, பதின்மூன்று கிலோமீட்டர் போய், ராத்திரி திரும்புவார். கோயிலுக்கு விரோதி இல்லை. விபூதி கொடுத்தால் பூசிக்கொள்வார், பஞ்சாமிர்தம் கொடுத்தால் நக்கிக்கொள்வார். மலைக்கு மட்டும் போகமாட்டார். வருஷத்து நாளுக்கு ஒன்றாக 365 படி. டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஊர் ஏறும். வெள்ளைக்கார துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஓடிய ஜனங்களைத் தணிகைமலைத் துரையிடம் திருப்பிவிடுவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. அந்த ராத்திரியில் மாமா போர்த்திக்கொண்டு தூங்குவார். ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பெஷல் ரயிலில் புஷ்பக் காவடிகள் வந்து இறங்கும்போது மட்டும் பிளாட்பாரத்தில் அவரைப் பார்க்கலாம். அவர் கண் காவடி மேல் இருக்காது. எந்த எஞ்சின் இழுத்து வந்தது என்று முன்பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டின்களை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பள்ளி நூலகராக முப்பத்தொரு வருஷம் இருந்தவள், பட்டியல் போடாமல் ஒரு பொருளை வீட்டில் வைத்திருக்க என்னால் ஆகாது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன்தான் எங்கள் தொழிலுக்கு மூலவர். எதை எடுத்தாலும் ஆளுமை, பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து முகமாகப் பார்க்கச் சொன்னார். நான் நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு, அந்த ஐந்தோடு 'எடுத்தவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஆறுமுகம் ஆயிற்று. முதல் வரியில் 'எடுத்தவர்: மாமா' என்று எழுதி, அதன் கீழே 'மேற்படி, மேற்படி' என்று பென்சிலால் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன். மொத்தம் 612 படங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தவை ஏழு. அந்த ஏழிலும் இருந்தது பிரிண்ட் போட்ட கூலி.

காலம் கண்டுபிடிப்பதுதான் ருசியான வேலை. எஞ்சினின் மூக்கு தோட்டா மாதிரி கூர்ந்து, நடுவில் நட்சத்திரம் இருந்தால் டபிள்யூ.பி.; பயணிகள் வண்டிக்கு வந்தது, 1947க்கு முந்தியிருக்க முடியாது. மூக்கு தட்டையென்றால் பெரும்பாலும் சரக்கு இழுக்கும் டபிள்யூ.ஜி. சித்தரஞ்சனில் 1950ல் செய்த முதல் எஞ்சின், 8401ஆம் எண் 'தேசபந்து', அந்த ஜாதிதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை திறந்தது 1955 அக்டோபர் 2. அங்கே செய்த இரும்புப் பெட்டி தெரிந்தால் அதற்குப் பிந்தியது. பஸ்ஸின் பக்கவாட்டில் முதலாளி கம்பெனியின் பெயர் இல்லாமல் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருந்தால் பல்லவன் வந்த 1972க்கு இப்புறம். நம்பர் பலகையில் மாநிலமும் வட்டார எண்ணும் சேர்ந்து வந்தால் 1989க்கு இப்புறம். ஆனால் இவையெல்லாம் ஒரு பக்கம் மட்டும் போட்ட வேலி. 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது. டபிள்யூ.பி. எஞ்சின்கள் என் கல்யாணத்துக்குப் பிறகும் ஓடின.

ஒரு தவறைச் சொல்லவேண்டும். 87ஆம் படத்தில் பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் தெலுங்கில். எங்கள் ஊர் 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய், ம.பொ.சி. முதலானவர்கள் போராடிய பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. எனவே '1960க்கு முன்' என்று பெருமையாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்து லென்ஸை நகர்த்தியபோது பஸ்ஸுக்குப் பின்னால் சுவரில் ஒரு போஸ்டர் தட்டுப்பட்டது: 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1965 பொங்கலுக்கு வந்த படம். டூரிங் டாக்கீசுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆயிற்றோ. நகரிக்கும் புத்தூருக்கும் போகிற பஸ்ஸில் தெலுங்கு இருக்காதா என்ன? இன்றைக்கும் இருக்கிறது. கோபம் வந்தால் தெலுங்கும் கொஞ்சல் வந்தால் தமிழும் பேசுகிற ஊரில் இருந்துகொண்டு, புத்தகத்தில் படித்த எல்லைக்கோட்டைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் மேல் போட்டிருக்கிறேன்.

214ஆம் படம் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. பஸ் நிலையம், பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை, டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஏறும் வாசல் வலப்பக்கம். வெளிநாட்டுப் படம் ஏதோ கலந்துவிட்டது என்று தனியாக எடுத்து வைத்தேன். ஆனால் பின்னால் இருந்தது நம் மலை. மறுபடி எடுத்துப் பார்த்தபோது வண்டியை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தேன். கண்டக்டரின் சட்டைப்பை வலப்பக்கம். கூடையோடு நின்ற அம்மாளின் முந்தானை வலத்தோளில். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைப் புரட்டிப்போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார். நெகட்டிவும் டின்னிலேயே இருந்தது. சரியாகத் திருப்பி ஒன்று போட்டு வாங்கி, 214-அ என்று எண் கொடுத்து, பழையதன் உறையில் 'தவறு' என்று எழுதினேன்.

இந்தப் படத்துக்குப் பிறகுதான் நோட்டின் ஓரத்தில் ஏழாவதாக ஒரு கட்டம் போட்டேன்: 'மலை தெரிகிறதா?' முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். ஊரில் எடுத்தவற்றில் நூற்று நாற்பத்தொன்றில் மலை இருக்கிறது. பஸ் கூரைக்கு மேல், சிக்னல் கைக்குப் பக்கத்தில், எஞ்சின் புகைக்கு நடுவில், சில படங்களில் நகக்கண் அளவு. அண்ணிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "பாத்தியா, மனசுக்குள்ள முருகன்தான்" என்று அழுதுவிட்டார்.

எனக்கு அப்படிச் சுலபமாக ஒப்பவில்லை. திருத்தணியில் நின்று எதைப் படம் எடுத்தாலும் மலை வந்து விழும். நம் ஊர் டீக்கடைக்காரர் செல்ஃபியிலும் மலை இருக்கிறது. பூகோளத்தைப் பக்தியென்று எழுதலாமா?

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஓதுவார் ஒருவர் இருக்கிறார். சில படங்களில் இருக்கும் கடைகளை அடையாளம் சொல்ல அவரிடம் போவேன். அன்றைக்கு இந்தச் சந்தேகத்தையும் கேட்டேன். அவர் படங்களைக் கீழே வைத்துவிட்டு, "மலைமேல மூலவருக்கு எதிர்ல என்ன இருக்கும்மா?" என்றார்.

"யானைங்கய்யா."

"எந்தப் பக்கம் பாக்குது?"

சின்ன வயசிலிருந்து பார்த்தது, ஆனாலும் யோசித்துத்தான் சொன்னேன். மற்றக் கோயில்களில் வாகனம் சுவாமியைப் பார்த்து நிற்கும். சிவன் கோயில் நந்தி இமைக்காமல் லிங்கத்தைப் பார்க்கும். பசு பதியை நோக்குகிறது என்பார்கள். இங்கே மயில் நிற்கவேண்டிய இடத்தில் ஐராவதம், அதுவும் சன்னிதிக்கு முதுகைக் காட்டி, வெளியே கிழக்கே பார்த்துக்கொண்டு. தெய்வானைக்குச் சீதனமாக வந்த யானை. அது போன பிறகு தேவலோகத்தில் செல்வம் குறைந்ததாம். திருப்பி அழைத்துக்கொள் என்று முருகன் சொல்ல, கொடுத்ததை வாங்கமாட்டேன், அதன் பார்வை மட்டும் என் பக்கம் இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டதாகத் தலத்துக் கதை.

"முதுகு காட்டுற யானைய யாராவது நாஸ்திகன்னு சொல்றமா? அது பாக்குறது அவர் அனுமதி" என்றார் ஓதுவார். பிறகு சிவஞானபோதத்துக்குப் போய்விட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த பன்னிரண்டு சூத்திரத்தில் பதினோராவது. கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் அதற்குக் காட்டி, அதோடு கூட நின்று தானும் காண்கிறது. அதுபோலவே உயிருக்கு இறைவன் காட்டுகிறான், கூட நின்று காணவும் செய்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு.

"அப்படின்னா ஒயின்ஷாப் போர்டைப் பாக்குறவனுக்கும் அவர்தான் காட்டுறாரா?" என்றேன். நூலகர் புத்தி.

அவர் சிரித்தார். "காட்டாம எந்தக் கண்ணும்மா பாக்கும்? உயிர் எதைச் சாருதோ அதன் வண்ணமாயிடும். அதுலதான் ஆபத்தே."

சார்ந்ததன் வண்ணமாதல். வீட்டுக்கு நடந்துவரும்போது அந்த வார்த்தையை மாமா மேல் வைத்துப் பார்த்தேன். வண்டிகளைச் சார்ந்து அவர் என்ன வண்ணம் ஆனார்? சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொள்ளவில்லை. ரயில்வே பாஸ் இருந்தும் தில்லி பார்த்ததில்லை. அனுமதியில்லாமல் ஸ்டேஷனில் படம் எடுக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் ஒரு தடவை ஓர் அதிகாரி சுருளைப் பிடுங்கி வெளிச்சத்தில் இழுத்துவிட்டாராம். அதைக்கூட ஒரு தமாஷாகத்தான் சொல்வார். யாரிடமும் இந்தப் படங்களைக் காட்டியதில்லை. பெயர் எழுதவில்லை, தேதி எழுதவில்லை. ஆசைப்பட்டுப் பார்த்தவர் தேதி எழுதியிருக்கமாட்டாரா என்று தோன்றுகிறது. பற்று இருப்பது 612 வரை எண் போட்டு, ஒன்று காணாமல் போனால் சாப்பாடு இறங்காத எனக்குத்தான்.

மூன்றாவது டின்னின் அடியில் கரி பஸ் வந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது பின்னால் உருளை வைத்துக் கரி எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்களே, அது. முதுகில் கொதிகலன் சுமந்துகொண்டு ஓர் அழுக்கு வண்டி, பக்கத்தில் அரைக்கால் சட்டையில் கிளீனர் பையன், கையில் கரி வாளி. நான் வழக்கம்போல் 'மேற்படி' என்று எழுதிவிட்டுத்தான் நின்றேன். மாமா பிறந்தது 1936. இது அவர் எடுத்ததாக இருக்க முடியாது. யாரோ பார்த்து, யாரோ எடுத்து, இவர் கைக்கு வந்திருக்கிறது. அப்படியானால் மற்றவை? அவர் எடுத்தார் என்பதற்கு என்ன சாட்சி? அவர் டின்னில் இருந்தது என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

அழிரப்பரோடு உட்கார்ந்தேன். இரண்டு நாள். 'மேற்படி'களை அழித்து, நிச்சயமானதை மட்டும் விட்டேன். மிஞ்சியது ஒன்று, 288. சாயங்கால வெயில் முதுகில் விழ, ஜல்லிக்கல் மேல் நீண்டு கிடக்கும் ஒரு நிழல். முழங்கைகள் இரண்டும் வெளியே துருத்தியிருக்கின்றன. தலை இல்லை. பெட்டிக் காமிராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் நிழலில் தலை விழாது. துருத்திய இடது முழங்கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கும். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தது. மாமாவேதான்.

போன வாரம் அண்ணி ஒரு மஞ்சள்பையோடு வந்தார். "பீரோ மேல இருந்தது பாப்பா. இதையாவது போட்டுடலாமா, வச்சுக்கிறியா?" உள்ளே அந்தப் பெட்டிக் காமிரா. தோல் உரிந்து, பக்கவாட்டில் மாமா ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். குனியாமல் அதில் எதையும் பார்க்க முடியவில்லை. தபால்தலை அளவுக் கண்ணாடியில் தெரு வந்தது, மின்கம்பம் வந்தது, பிறகு மலை வந்தது. தப்பான பக்கத்தில். காமிராவை இடப்புறம் திருப்பினால் மலையும் இடப்புறமே ஓடியது. அந்தக் காலத்துப் பெட்டிக் காமிராக் கண்ணாடியில் இடம் வலமாகத்தான் தெரியும். படம் மட்டும் நேராக விழும்.

"என்ன தெரியுது?" என்றார் அண்ணி. கொடுத்தேன். அவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

கீழே வந்து 214ஐ எடுத்தேன். டிரைவர் இடப்பக்கம், சட்டைப்பை வலப்பக்கம், முந்தானை வலத்தோளில். பஸ் நிலையத்தில் அன்றைக்குக் குனிந்து நின்றவர் கண்ணாடியில் கண்டது இதைத்தான். உறையிலிருந்த 'தவறு' என்ற வார்த்தையை அழித்தேன். பென்சிலால் கொஞ்சம் அழுத்தமாக எழுதியிருந்ததால் தடம் முழுசாகப் போகவில்லை.