மாடித் தோட்டமும் முதற்சீலமும்



மாநகரங்களில் வாழும் நம்மவர் சிலர் இக்காலத்தில் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கத்தரி, வெண்டை, கீரை பயிரிடுகின்றனர். 2002-ஆம் ஆண்டில் மும்பைத் துறைமுகத்தின் பொது உணவுக்கூட மாடியிலே, சமையற் கழிவையே எருவாக்கித் தோட்டம் தொடங்கப்பெற்றது. நிலமற்றோரும் உணவு விளைக்கலாம் என்பதற்கு அது நற்சான்று.

ஆயினும் அன்பர் சிலர்க்கு ஓர் ஐயம். செடியில் அசுவினியும் புழுவும் வரும். அவற்றைக் கொல்ல நேரும். உயிர்க்கொலை நீக்குவதாகச் சீலம் ஏற்றவன் பயிரிடலாமா? கடையில் வாங்கி உண்பதே பாவமற்ற வழியன்றோ என்கின்றனர்.

கடைக் கத்தரிக்காயும் செடியில் காய்த்ததே. அச்செடிக்கு மருந்தடித்தவன் ஒரு கூலியாள். பூச்சி மாண்டது, நஞ்சு அவன் மூச்சிலும் ஏறியது. நாம் அதைக் காணவில்லை என்பதொன்றே வேற்றுமை.

ஏர்முனை மண்ணையும் மண்வாழ் உயிர்களையும் கொல்லுவதால், பார்ப்பனரும் அரசரும் உழவை விலக்க வேண்டுமென்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. உழவை விலக்கியவர்கள் சோற்றை விலக்கினார்களில்லை. சோறு தமக்கு, பாவம் உழுதவனுக்கு என்று பங்கிட்டார்கள். உண்டவன் தூயவனானான், உழுதவன் இழிந்தவனானான். 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தின் வாயிலைத் திறந்தது, இப்பங்கீட்டை நாம் வேறு பெயரால் தொடர்வதற்கோ?

பிக்குகள் மண்ணைத் தோண்டலாகாது என்று விநயம் கூறுவது மெய்யே. அது துறவிகளுக்குரிய கட்டுப்பாடு. உழவனைத் தாழ்த்தும் தீர்ப்பன்று. இல்லறத்தார்க்குப் பகவான் விலக்கிய வணிகங்கள் ஐந்து: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. அவற்றுள் உழவு இல்லை, நஞ்சு இருக்கிறது.

வினைக்கு வேர் சேதனை, அதாவது உள்ளத்தின் நாட்டம், என்பது நம் தம்மம். ஆதலின் பயிரிடுவோர் கொல்லும் நாட்டமின்றிக் காக்கும் வழிகளை நாடுக. அசுவினியை நீர் பீய்ச்சி அகற்றுக. வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் பூச்சிகள் இலையைத் தின்ன வெறுக்கும். புழுவுற்ற இலையைக் கிள்ளி அப்பால் இடுக. இவ்வளவு செய்தும் சில உயிர் மாளும். சில காய் சொத்தையாகும். மாண்ட உயிர்க்கு இரங்குக. போன காய்க்கு வருந்தற்க.

ஒரு பிடி கீரைக்குப் பின் எத்தனை உழைப்பும் எத்தனை உயிரிழப்பும் உண்டென்பதைத் தொட்டியில் மண் அள்ளிய கை அறியும். அறிந்தவன் சந்தைக்குச் சென்றால் கீரைக்காரியை ஒருமையில் அழையான். காலணாவுக்கு அவளோடு வழக்காடான். தன் மாடியில் விளைந்ததிலும் ஒரு பங்கை அண்டை வீட்டார்க்கு ஈந்தே உண்பான்.

சகல ஜீவர்களும் நலமுறுக.