ஒரு சைஸ் பெரிசு

கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத் தவிர என் மகனுக்கு அளவாக ஒரு துணி நான் எடுத்ததாக நினைவில்லை. இந்தத் தீபாவளிக்கு எடுத்த டவுசர் அடுத்த தீபாவளிக்கும் வர வேண்டும். பள்ளிக்கூட ஷூவின் முனையில் எப்போதும் பஞ்சு அடைத்திருக்கும். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அதனால் போன மாதம் அவன் தன் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கக் கிளம்பியபோது அதே வாக்கியத்தைச் சொன்னதற்கு நான் கோபப்பட நியாயமே இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

பேரனுக்கு ஐந்து வயது நான்கு மாதம். அவன் கேட்டது பி.எம்.எக்ஸ். யாரோ ஒருவன் சைக்கிளோடு படிக்கட்டில் குதிப்பதை போனில் பார்த்துவிட்டான், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. விசாரித்துப் பார்த்தேன். 1970-ஐ ஒட்டி, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் பிறந்த விளையாட்டாம் இது. பெரியவர்கள் மண்மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவதைப் பார்த்த பொடியன்கள், வீட்டில் கிடந்த 20 இன்ச் சக்கர சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதே மாதிரிப் புழுதி கிளப்பியிருக்கிறார்கள். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் வரைக்கும் அது போய்விட்டது. நம் ஊர்க் கடைகளில் டயர் தடியாகவும் ஹேண்டில்பார் தூக்கலாகவும் இருந்தால் எல்லாமே பி.எம்.எக்ஸ்.தான். அது வேறு கதை.

"இருபதே வாங்கிருவோம்மா. பதினாறு வாங்கினா ஒன்றரை வருஷத்துல காயலான் கடைக்குத்தான் போகும்" என்றான் மகன்.

நான் முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் திண்ணை விட்டத்தில் தராசை மாட்டி, பிள்ளைகளைத் தூளி மாதிரித் தொங்கவிட்டு எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்தவள். இந்த வயதுப் பிள்ளை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். அதற்கு மேல் பெற்றவர்கள் ஆசைப்பட்டாலும் வளராது. கே.கே. நகர் ஹவுசிங் போர்டு வீட்டுச் சுவரோரம் பேரனைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, இரண்டு காலுக்கும் நடுவே அவன் அப்பாவின் பழைய டயரியைச் செருகி, கவட்டு உயரம் எடுத்தேன். 46 சென்டிமீட்டர். ஆள் உயரம் 109. எடை பதினேழரைக் கிலோ. இருபது இன்ச் வண்டியின் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் அவன் கால் அந்தரத்தில்தான் தொங்கும். பதினாறில் எட்டும்.

இதோடு முடிந்திருந்தால் இது வீட்டுச் சண்டை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதம் ஒரு முறை நான் போகிற சைவ சித்தாந்த வகுப்பில் அன்றைக்கென்று பார்த்துத் தனு, கரண, புவன, போகம் நடத்தினார் ஆசிரியர். உயிர் ஆணவ இருளில் கிடக்கிறது. அது விழிப்பதற்காக இறைவன் மாயையிலிருந்து உடம்பு, கருவிகள், உலகம், அனுபவிக்கும் பொருள்கள் என்று நான்கையும் அதனதன் வினைக்குத் தக்கபடி கூட்டி வைக்கிறான். விடியும்வரை கையில் ஒரு விளக்கு. எனக்கு மண்டைக்குள் சைக்கிள்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறைவன் இந்த உடம்பைத் தருவது அளவெடுத்தா, வளரட்டும் என்று ஒரு சைஸ் கூட்டியா?

கேட்டேவிட்டேன். வகுப்பில் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. "சம்பந்தர் கதையைப் போய்ப் படிங்கம்மா" என்றார்.

தெரியாத கதையா? இங்கிருந்து போரூர் வழியாகப் போனால் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். ஆனால் சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு படித்தது இதுதான் முதல் தடவை. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுகிறது, அம்மை பால் கொடுக்கிறாள், பிள்ளை பாடத் தொடங்குகிறது. இது எல்லோருக்கும் தெரியும். நான் நின்றது அடுத்த இடத்தில். திருக்கோலக்காவில் பிள்ளை கைதட்டித் தாளம் போட்டுப் பாடுகிறது. கை சிவந்து போகிறது. செவிலிக்குச் சட்டென்று கண்ணில் படுகிற விஷயம் இது. மூன்று வயதுக் குழந்தையின் உள்ளங்கைத் தோல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உடனே பொற்றாளம் வருகிறது. இறைவன் கையைப் பார்த்திருக்கிறான். நாளைக்குப் பெரிய கையாகும் என்று தள்ளிப்போடவில்லை.

பொன்னில் தாளம் செய்தால் ஓசை வராது. வெண்கலம்தான் கணீரென்று பேசும். அதனால் அம்பாள் அதற்கு ஓசை கொடுத்தாள் என்கிறார்கள். அந்தக் கோயிலில் அம்பாள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. எனக்கு இந்தப் பெயர் மேல் தனிப் பிரியம் உண்டு. அப்பன் பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்ததை ஆத்தாள் உட்கார்ந்து வேலை செய்ய வைத்த மாதிரி இருக்கிறது. எந்த வீட்டில் இல்லை இது!

பிறகுதான் வாகனம். ஊர் ஊராகப் போகும் பிள்ளையைத் தகப்பனார் சிவபாத இருதயர் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவர் தளர்வதைப் பார்த்துப் பிள்ளை இறங்கி நடக்கிறது. பிஞ்சுக் கால் நோகிறது. திருநெல்வாயில் அரத்துறைக்காரர்கள் கனவில் இறைவன் போய், முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கோயிலில் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறான். கால் நொந்த பிறகு வந்த சிவிகை. பிறந்த அன்றைக்கே வாங்கி வைத்த சிவிகை கிடையாது. சித்தாந்தம் பக்குவம் என்று சொல்வது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. பக்குவம் வரும்முன் சொல்லிக் கொடுத்த ஞானம் கால் எட்டாத சைக்கிள்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. உயிருக்கு அளவு உண்டா? நம் ஆட்கள் இதற்கு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள்! சமணர்கள், உயிர் உடம்பின் அளவே என்றார்கள். யானைக்குள் யானையளவு, எறும்புக்குள் எறும்பளவு. குடத்துக்குள் வைத்த விளக்கு குடத்தை நிறைக்கும், கூடத்தில் வைத்தால் கூடத்தை நிறைக்கும். வைணவர்கள், உயிர் அணு என்றார்கள். சைவ சித்தாந்தம், உயிர் எங்கும் வியாபகம், செம்பில் களிம்பு போல ஆணவம் மூடியிருப்பதால் சிறுத்துத் தெரிகிறது என்றது. நான் சித்தாந்தக் கட்சி. ஆனால் சைக்கிள் கடையில் சமணர்கள் சொல்வதுதான் உதவும். வியாபகமான உயிருக்கு எந்த சைக்கிளை வாங்குவது?

மகன் விடவில்லை. "நீ மட்டும் என்னவாம்? ஆம்பளை சைக்கிள்ல தானே கத்துக்கிட்டே?" என்றான். சரியான இடத்தில் அடித்தான்.

1992. ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்த நேரம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அந்த வருஷம் மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு. கிடைத்தது ஜென்ட்ஸ் வண்டி, குறுக்கே பார். ஐந்தடிகூட இல்லாத நான் சேலையைச் செருகிக்கொண்டு, சின்னப் பையன்கள் போல பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு அந்தப் பார் பிடித்தே போய்விட்டது, பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். மகன் வளர்ந்தது அந்தப் பார் மேல்தான். தடுப்பூசிப் பெட்டி பின்னால், அவன் முன்னால்.

அப்படியானால் அளவு பொருந்தாததுதானே எனக்குக் கற்றுக்கொடுத்தது? இரண்டு நாள் இதற்குப் பதில் கிடைக்காமல் தவித்தேன். சிவன் பூங்காவைச் சுற்றி நடக்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. அந்தப் பெரிய வண்டியில் எத்தனையோ தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் நானே எழுந்து வண்டியை நானே தூக்கி நிறுத்தினேன். பாரம்தான், ஆனால் தூக்க முடிந்தது. இறைவன் தரும் உடம்பு மட்டும் சுகமாகவா இருக்கிறது? மூட்டு வலிக்கிறது, கண் மங்குகிறது. வினை கழிய அனுபவித்தாக வேண்டும் என்கிறது சாத்திரம். ஆக, பொருத்தம் என்பதற்கு நோகாமல் இருப்பது என்று பொருள் இருக்க முடியாது. விழுந்தால் கூடவே எழுப்பிக்கொள்ள முடிகிற பாரமா என்று பார்க்க வேண்டும். இதை வகுப்பில் சொன்னால் ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா, தெரியாது. சாத்திரத்தில் இல்லாததை நான் சேர்க்கிறேனோ என்ற பயமும் உண்டு.

அசோக் பில்லர் பக்கம் ஒரு கடை. மகன் போனதும் போகாததுமாக இருபது இன்ச் வண்டி ஒன்றை இழுத்துப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தான். கறுப்பும் ஆரஞ்சும், நல்ல எடுப்பான வண்டிதான். பேரன் அதன் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். இரண்டு காலும் அந்தரத்தில். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். வலக்கை எட்டாமல் ஆளே சீட்டிலிருந்து சரிந்தான். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். விரல் நுனி லீவரைத் தொட்டது, மடங்கவில்லை. முகத்தில் மட்டும் சிரிப்பு குறையவில்லை. அப்பா சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை எப்படி இறங்குவான்?

மகன் முகத்தைப் பார்த்தபோது மெய்கண்டார் கதை நினைவுக்கு வந்தது. திருவெண்ணெய்நல்லூரில் பால்மணம் மாறாத பிள்ளை சிவஞானபோதம் சொல்லிக் கொண்டிருக்கிறது. சகல ஆகமமும் கற்ற குடும்பகுரு, தன் மாணவர்களெல்லாம் அந்தப் பொடியனிடம் போய்விட்டார்களே என்று வந்து, ஆணவத்தின் இயல்பு எப்படியிருக்கும் என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்காமல் அவரையே உச்சி முதல் கால் வரை பார்த்ததாம். நிற்கிற தானே அதற்கு விடை என்று புரிந்து பெரியவர் அங்கேயே விழுந்து வணங்கினார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார், பிறகு சிவஞான சித்தியார் எழுதியவர். அந்தக் கடையில் நின்றவர்களில் மகனைச் சொல்லிக் குற்றமில்லை. முனையில் பஞ்சு வைத்த ஷூவை மாட்டிவிட்டவள் நான்.

"தம்பி, பதினாறுல ஒண்ணு எடுப்பா. சைடு வீலைக் கழட்டிரு. சீட்டை நல்லா இறக்கு."

கடைப் பையன் ஸ்பேனரோடு வந்தான். பேரன் ஏறினான். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். சீட்டிலிருந்து இறங்கி நடுவில் நிற்கச் சொன்னேன். கம்பிக்கும் டவுசருக்கும் நடுவே என் மூன்று விரல் போனது. திருப்பினால் முட்டி ஹேண்டிலில் இடிக்கவில்லை. பிரேக் லீவரில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும், அதை முடுக்கினால் லீவர் கைக்குப் பக்கத்தில் வரும். பையன் முடுக்கித் தந்தான். பிடித்தான், சக்கரம் நின்றது.

"இப்ப வண்டியைக் கீழ படுக்கப் போடு."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். போட்டான். "தூக்குய்யா" என்றேன் பேரனிடம். ஹேண்டிலை ஒரு கையிலும் சீட்டை ஒரு கையிலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, தூக்கி நிறுத்திவிட்டான். பக்கத்தில் இருந்த இருபதையும் படுக்கப் போடச் சொன்னேன். அது பாதியில் அவன் மேலேயே சாய்ந்தது. நல்ல வேளை, மகன் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு இருபதைப் பற்றி அவன் பேசவில்லை. பணத்தை எண்ணினான்.

திருப்பூந்துருத்தியில், சம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாக வயதான அப்பரும் சுமந்தார். "அப்பர் எங்கே?" என்று பிள்ளை மேலிருந்து கேட்க, கீழிருந்து பதில் வந்தது. பதறிக் குதித்து இறங்கிற்று பிள்ளை. இறங்க முடிகிற உயரத்தில் இருந்திருக்கிறது அந்தச் சிவிகை. சேக்கிழார் அளவு சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

பில் போடும்போது கடைப் பையனிடம் கேட்டேன், அந்த ஆரஞ்சு வண்டி எந்த வயசுக்கு என்று. "பி.எம்.எக்ஸ்.ல பெரிய ஆளுங்களும் இருபதுதாம்மா ஓட்டுவாங்க. சக்கரம் மாறாது, பாடி நீளம்தான் மாறும்" என்றான். வண்டியைப் பார்த்தேன். குறுக்கே பார் இருந்தது, ஆனால் தாழ்வாக. சேலையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. மணியை ஒரு தடவை அடித்தேன்.

"அப்பத்தா, இது ஒனக்குத்தான் சைஸு!" என்று கத்தினான் பேரன்.

மகன் சுற்றும் முற்றும் பார்த்தான். "தம்பி, இந்த சீட்டை ரெண்டு இன்ச் ஏத்து" என்றேன். "இது என்ன விலை?"